ஏரிக்குப் பச்சை அடித்தவன்

பழவேற்காடு ஏரியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் உடனே செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். பூநாரைகள் வருமாமே, அழகான இடமாமே என்று வீட்டுக்கு வந்தவர்கள் விசாரிப்பார்கள். நான் பேச மாட்டேன். காரணம், எண்பதுகளின் நடுவில் ஒரு காலை வேளையில் அந்த ஏரியின் ஒரு மூலையைப் பச்சையாக்கியவன் நான்தான். அதுவும் 'ஏரியைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்று உறுதிமொழி எடுக்கும் விழாவில்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மெட்ராஸுக்கு வடக்கே ஒரு பெயிண்ட் கம்பெனியில் மக்கள் தொடர்பு உதவியாளன். (மக்களோடு எனக்கிருந்த தொடர்பு, வரும் விருந்தாளிகளுக்குக் கூல்டிரிங்க் வாங்கி வருவதோடு முடிந்துவிடும்.) கையெழுத்து நன்றாக இருந்ததால் வேலை கிடைத்தது. பெயிண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அது டப்பாவில் இருக்கும் என்பது மட்டுமே.

போபால் விஷவாயு விபத்து நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அக்கம்பக்கத்து ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு பயம் பிடித்திருந்தது. சிலருக்கு அரசாங்கத்தைக் கண்டு பயம், சிலருக்குப் பத்திரிகையைக் கண்டு. எங்கள் பொது மேலாளர் ராகவன் சாருக்கு மட்டும், சொல்லத்தான் வேண்டும், மனசாட்சியைக் கண்டு பயம். மனிதர் இளைத்தே போனார். அவர்தான் மற்ற மூன்று கம்பெனி அதிகாரிகளையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். உரக் கம்பெனி, தோல் கம்பெனி, சோப்புக் கம்பெனி, நாங்கள். நால்வரும் சேர்ந்து சுற்றுச்சூழலுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்பது திட்டம். எங்கள் பக்கத்துத் தண்ணீரெல்லாம் கால்வாய் வழியாக வடக்கே பழவேற்காடு வரை போகிறது என்பதால் இடத்தை அங்கே முடிவு செய்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

உரக் கம்பெனிக்காரர், மீனவர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை உரம் தரலாம் என்றார். அவர்களுக்கு நிலமே கிடையாதே என்று யாரோ சொன்னதற்கு, "வாங்கும்போது உதவுமே" என்றார். தோல் கம்பெனிக்காரர் கரையெல்லாம் மரக்கன்று நடுவதாகச் சொன்னார். உப்பு மண்ணில் என்ன மரம் வளரும் என்று அவர் யோசிக்கவில்லை. பெயர்ப்பலகையோடு கூடிய மரம் வளர வேண்டும் என்பதுதான் அவர் யோசனை. சோப்புக் கம்பெனிக்காரர் கைகழுவும் பழக்கத்தைப் பரப்பப்போவதாகச் சொன்னார். (கைகழுவுகிற பழக்கம் நான்கு கம்பெனிகளுக்கும் ஏற்கெனவே நன்றாகவே உண்டு என்று பிற்பாடு தோணிரேவு என்ற மீனவர் குப்பத்தில் ஓர் அம்மாள் சொன்னார். அவரைப் பற்றி இதோ வருகிறேன்.)

"நாம என்ன செய்யலாம்?" என்று ராகவன் சார் எங்கள் ஆட்களைப் பார்த்தார். யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"படகுக்கெல்லாம் பச்சை அடிக்கலாம் சார். பச்சைன்னா இயற்கை. பத்திரிகைப் படத்துலயும் நல்லா விழும்."

பத்திரிகைப் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும் என்பது எனக்கும் தோன்றவில்லை, அங்கிருந்த எந்தப் பெரிய மனிதருக்கும் தோன்றவில்லை. மேசையைத் தட்டினார்கள். விழாப் பொறுப்பு மொத்தமும் என் தலையில் விழுந்தது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். எதிர்கால இயக்குநரின் முகம் போலத் தெரிந்தது.

மறுநாள் கம்பெனி ஜீப்பில் பழவேற்காட்டுக்குப் போனேன். அங்கே ஜமால் பாய் என்பவர் பந்தலும் மைக் செட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். பழைய வியாபாரக் குடும்பத்து மனிதர். எந்தக் குப்பத்தில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. அவர்தான் என்னை ஏரிக்கரையில் தோணிரேவுக்குக் கூட்டிக்கொண்டு போய், வலை பிரித்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் என்பவர் முன்னால் நிறுத்தினார்.

ஏகாம்பரம் அண்ணன் அதிகம் பேசாதவர். நான் பத்து நிமிடம் இயற்கை, பசுமை, எதிர்காலம் என்று பேசி முடித்ததும், "எதுவா இருந்தாலும் அவகிட்ட சொல்லு" என்று வீட்டுப் பக்கம் கை காட்டினார்.

'அவ' என்பது அவர் மனைவி தேசம்மா. நாற்பது வயதிருக்கும். கூடை நிறைய இறாலோடு பழவேற்காட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இன்னா சார், படகுக்குப் பச்ச அடிச்சா எறா வந்துடுமா?"

"அப்படியில்லைக்கா. இது ஒரு அடையாளம்."

"எறா ஓடுற காலம் சார் இது. மூணு நாளு படகக் கரையில இழுத்துப் போட்டுட்டு நாங்க இன்னா பண்றது, அடையாளத்தக் கொழம்பு வெக்கிறதா?"

ஜமால் பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். தேசம்மா குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்:

"கால்வா வழியா ஒரு தண்ணி வருது. எப்ப வரும்னு சொல்ல முடியாது. வந்த அன்னிக்கு எறா செத்து மெதக்கும், நண்டெல்லாம் கரையேறி ஓடியாரும். எந்தக் கம்பெனி வுடுதுனு தெர்ல. மனு குடுத்துக் குடுத்து எங்க நைனாவே போய்ச் சேந்துட்டாரு. உங்க மொதலாளிங்க நாலு பேரும் ஒண்ணா வர்றாங்கன்ற. மைக்குல நான் ஒரு அஞ்சு நிமிசம் பேசணும். அதுக்கு ஒத்துக்கினா, நீ படகுக்கு இன்னா கலர் வேணாலும் அடிச்சிக்க."

"தாராளமா பேசுங்கக்கா. நானாச்சு" என்றேன். யாருடைய அதிகாரத்தை வைத்துச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பன்னிரண்டு படகுகளைக் கரையேற்றச் சம்மதித்தார்கள். நான் கம்பெனி ஸ்டோருக்குப் போய்ப் பச்சை கேட்டேன். ஸ்டோர்கீப்பர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உள்பக்கத்துக்கா, வெளிப்பக்கத்துக்கா?" என்றார்.

வீட்டுச் சுவரைக் கேட்கிறார் அவர். எனக்கு எங்கே தெரியும்? படகின் உள்பக்கத்தில்தானே மனிதர்கள் உட்காருவார்கள், அது நன்றாக இருக்க வேண்டாமா என்று தீவிரமாக யோசித்து, "உள்பக்கத்துக்கு உள்ளதே கொடுங்க, எல்லாத்துக்கும் அதையே அடிச்சிடலாம்" என்றேன். அவர் டிஸ்டெம்பர் கொடுத்தார். சுண்ணாம்புத்தூளும் பசையும் கலந்த பொடி. தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டும். டர்ப்பன்டைன் நாற்றம் இல்லாமல் எவ்வளவு சாதுவான பெயிண்ட் என்று நான் மெச்சிக்கொண்டேன். தண்ணீரில் கரைகிற ஒன்றைப் படகில் பூசி, அந்தப் படகைத் தண்ணீரிலேயே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நான் பட்டதாரி.

அடித்து முடித்து வெயிலில் காய்ந்ததும் பன்னிரண்டு படகுகளும் கிளிகள் மாதிரி வரிசையாக நின்றன. எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது. ஏகாம்பரம் அண்ணன் மட்டும் கட்டைவிரலை நாக்கில் நனைத்து ஒரு படகின் விளிம்பில் தேய்த்துப் பார்த்தார்.

"சார், கையில வருது."

"புது பெயிண்ட்டுண்ணே. கொஞ்சம் வரும்."

"காஞ்சி ஒரு நாளாச்சே."

"அது காத்து பட்டாத்தான் இறுகும்."

அவர் ஏரியிலிருந்து வீசிய காற்றில் படபடத்துக்கொண்டிருந்த தன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "இங்க காத்துக்கா பஞ்சம்?" என்றார். நான் அவருக்கு நவீன ரசாயனத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் விளக்கினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

விழாவுக்கு முதல் நாள் நிகழ்ச்சி நிரலை ராகவன் சாரிடம் கொண்டுபோனேன். நான்கு கம்பெனி அதிகாரிகள், மாவட்டத்திலிருந்து ஓர் அரசு அதிகாரி, வரவேற்பு, உறுதிமொழி, நன்றி. கடைசியில் 'ஊர் மக்கள் சார்பில் திருமதி தேசம்மா' என்று போட்டிருந்தேன். சார் அந்த வரி மேல் பேனாவை வைத்தார்.

"என்ன பேசுவாங்க?"

"தண்ணி... கால்வாய்த் தண்ணி பத்தி சார்."

பேனா கோடு போட்டது. "மத்த கம்பெனிக்காரங்க சங்கடப்படுவாங்க சம்பத். முதல் கூட்டம். இன்னொரு சந்தர்ப்பத்துல பாக்கலாம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் "சரி சார்" என்றேன். இந்தக் கதையில் நான் செய்த முட்டாள்தனங்களுக்கெல்லாம் சிரித்துக்கொள்ளலாம். இந்த 'சரி சார்' ஒன்றுக்கு மட்டும் என்னால் சிரிக்க முடிவதில்லை. மறுநாள் காலை பந்தலுக்கு வந்த தேசம்மா மாம்பழக் கலரில் புதுப்புடவை கட்டியிருந்தார். "எப்பக் கூப்புடுவ?" என்று கேட்டார். "கடைசியிலக்கா" என்று பொய் சொன்னேன். அவர் உதடுகளை அசைத்துத் தன் பேச்சை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு பெண்கள் வரிசையில் போய் உட்கார்ந்தார்.

முதல் நிகழ்ச்சி படகு சவாரி. நான்கு அதிகாரிகளும் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். (வெள்ளையில் வரச் சொல்லிக் கடிதம் எழுதியவனும் அடியேன்தான்.) பன்னிரண்டு படகுகளையும் தண்ணீரில் தள்ளினார்கள். ஜமால் பாய் மைக்கில் நாதஸ்வர இசைத்தட்டைப் போட்டார். ஊரே கைதட்டியது. அதிகாரிகள் படகுப் பலகைகளில் உட்கார்ந்து கையசைத்தபடி ஏரியில் ஒரு வட்டம் கிளம்பினார்கள்.

ஒவ்வொரு படகின் பின்னாலும் பச்சையாக ஏதோ தெரிந்தது. படகின் நிழல் தண்ணீரில் விழுகிறது என்று நினைத்து ரசித்தேன். சிறிது நேரத்தில் நிழல் படகை விட்டுப் பிரிந்து தனியாகப் போனது. அப்புறம் பன்னிரண்டு நிழல்களும் ஒன்றாகச் சேர்ந்து கரையை நோக்கி வர ஆரம்பித்தன. கரையோரத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு வெள்ளை நாய் மேலே ஏறி உடம்பை உதறியது. அது வயிறு வரை பச்சை.

"சம்பத் தம்பி, இன்னா இது பேஜாரு?" என்று ஜமால் பாய் என் காதில் கேட்டார்.

படகில் இருந்தவர்கள் முன்னால் பார்த்துக் கையசைத்துக்கொண்டே வந்ததால் அவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கி நேராக மேடைக்குப் போனார்கள். உறுதிமொழியை மேடையின் பின்பக்கத் துணியில் பெரிய எழுத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தேன். அதைப் பார்த்து வாசிப்பதற்காக நான்கு பேரும் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள்.

படகுப் பலகை ஈரமாக இருந்திருக்கிறது. நான்கு வெள்ளை பேண்ட்டுகளின் பின்பக்கமும் பரங்கிக்காய் அளவுக்கு வட்டமாக, அழுத்தமான பச்சை.

"நீர்நிலைகளில் எங்கள் சுவடு படாமல் காப்போம்" என்று நால்வரும் கம்பீரமாக வாசித்தார்கள். முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் பந்தல் மொத்தமும் சிரித்தது. ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். ஏகாம்பரம் அண்ணன் சிரித்ததை நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அரசு அதிகாரி எழுந்து ஏரியைப் பார்த்தார். "இது என்ன?" என்று கேட்டார். ராகவன் சார் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார், படகுகளைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "சம்பத், விளக்கம் சொல்லு."

நான் மைக்கைப் பிடித்தேன். "இது... இது வந்து... சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத பச்சை" என்றேன். மறுபடியும் சிரிப்பு. அந்த அமளியில் யாரோ என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்கள். பார்த்தால் தேசம்மா.

"எல்லாரும் சிரிச்சாச்சா? கொஞ்சம் கம்முனு இருங்க" என்றார். கூட்டம் அடங்கியது.

"ஐயாமாருங்களுக்கு வணக்கம். இந்தப் பச்சயப் பாத்துட்டு நீங்கல்லாம் பதறிப் போய்க்கிறீங்க. கண்ணுக்குத் தெரியுது, அதான். எங்களுக்குக் கால்வாயில வர்ற தண்ணி கண்ணுக்குத் தெரியாது. வலைக்குத்தான் தெரியும். இழுத்தா எறா செத்துப் போயி வரும். புள்ளைங்க எறங்கிக் குளிச்சா மேலெல்லாம் அரிப்பு. உங்க நாலு பேர்ல யாரு வுடுறதுனு எங்களுக்குத் தெர்ல. யாரத் திட்றதுனும் தெர்ல. இன்னிக்கு நாலு பேரும் ஒண்ணா வந்துக்கிறீங்க. இங்கயே பேசி, யாருதுன்னு சொல்லிட்டுப் போங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பேசுறதுக்கு அஞ்சு நிமிசம் வாங்கித் தர்றேன்னு இந்தத் தம்பி சொல்லிச்சி. சொன்ன சொல்லக் காப்பாத்திடுச்சி. நல்லா இருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

பன்னிரண்டு படகின் சாயமும் ஏரியில் போனபோதுகூட நான் அவ்வளவு கூசிப்போகவில்லை. அந்தக் கும்பிடுக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

அரசு அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு நால்வரையும் பார்த்து உட்கார்ந்தார். "உங்க ஆலைத் தண்ணி எங்க போகுது?" என்று வரிசையாகக் கேட்டார். உரக்காரர் ஆற்றுக்கு என்றார். தோல்காரர் ஓடைக்கு என்றார். சோப்புக்காரர், தங்களுடையது வெறும் நுரைதான் என்றார். "ஆறும் ஓடையும் எங்க போகுது?" என்று அதிகாரி கேட்டார். "கால்வாய்க்கு!" என்று பந்தலில் இருந்த சனங்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

ராகவன் சார் எழுந்து நின்றார். "எங்க தண்ணியும் கால்வாய்க்குத்தான் போகுது. சுத்தம் பண்ணாமதான் போகுது" என்றார். மைக் இல்லாமல்தான் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. மற்ற மூவரும் அவரைப் பார்த்த பார்வையில் எங்கள் நால்வர் கூட்டணி அங்கேயே முடிந்தது.

திரும்பி வரும்போது ஜீப்பில் சார் செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்து வந்தார். என் வேலை போய்விட்டது என்று உறுதி செய்துகொண்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அந்த அம்மா பேரை நான்தானே அடிச்சேன்?" என்றார் திடீரென்று.

"ஆமா சார்."

"நீ ஏன் என்கிட்ட சண்டை போடலே?"

அவர் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. "நாளைக்குப் போய்ப் படகையெல்லாம் நீயே சுத்தம் பண்ணிக் கொடு. அப்புறம் மாசா மாசம் அங்க போய், தண்ணி எப்ப வந்தது, என்ன செத்ததுன்னு அந்த அம்மாகிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வா. அதுதான் இனிமே உன் வேலை" என்றார்.

இரண்டு நாள் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்தேன். தண்ணீரில் வைத்துத் தேய்க்கப் போனவனைத் தேசம்மா தடுத்து, "மேட்டுக்கு இழுத்துப் போட்டு மணல்ல தேய். ஏரி குடிச்சது போதும்" என்றார். ஏகாம்பரம் அண்ணன் சத்தமில்லாமல் வந்து மறுபக்கத்தைத் தேய்த்துக் கொடுத்தார். இரண்டாம் நாள் மனம் தாங்காமல் தேசம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: அவர் பெயரை அடித்துவிட்டார்கள், நான் சரி என்று சொல்லிவிட்டேன், கடைசியில் கூப்பிடுவேன் என்றது பொய்.

அவர் என்னையே பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "புதுப் பொடவ கட்டினு வந்தேன்டா நானு" என்றார். அதுவரை என்னை 'டா' போட்டதில்லை. பிறகு ஏகாம்பரம் அண்ணன் கையிலிருந்த நாரைப் பிடுங்கி என் மேல் எறிந்தார். "நீ எந்திரிய்யா. மீதியெல்லாம் இவனே தேய்க்கட்டும்."

தேய்த்தேன். சாயங்காலம் எறாக் குழம்பும் சோறும் வந்தது. ஆனால் தட்டை என் முன்னால் வைத்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் என்னோடு பழையபடி பேச நான்கு மாதங்கள் பிடித்தன. நோட்டுப் புத்தகத்தோடு மாதம் தவறாமல் போய் நின்றேன்.

மறு வருடம் எங்கள் கம்பெனியில் கழிவுநீரைத் தேக்கிச் சுத்தப்படுத்தும் தொட்டிகளைக் கட்டினார்கள். சோப்புக்காரரும் கொஞ்ச காலம் கழித்துக் கட்டினார். உரக்காரர் இரண்டு தடவை ஆள் அனுப்பி விசாரித்ததோடு சரி. தோல்காரர் நட்ட கன்றுகள் கருகிவிட்டன. பெயர்ப்பலகைகளை யாரோ அடுப்பெரிக்க எடுத்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் முழுக்கத் தெளிந்தது என்று சொன்னால் பொய். செத்து மிதக்கிற நாட்கள் குறைந்தன. என் நோட்டில் அது இருக்கிறது.

நான் மக்கள் தொடர்பை விட்டு அந்தத் தொட்டிகளிடம் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்தேன். கல்யாணமான புதிதில் ஒரு முறை மனைவியைத் தோணிரேவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கரையில் இருந்த பிள்ளைகள் என்னைக் கண்டதும், "பச்சத்தண்ணி சாரு வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு ஒரே பூரிப்பு. கணவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை, பச்சைத்தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடாதவர், அதனால்தான் ஊரே இப்படி மரியாதையாகக் கூப்பிடுகிறது என்று அவள் தன் அம்மாவுக்குக் கடிதமே எழுதிவிட்டாள். அடுத்த முறை போனபோது தேசம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, பச்சை நாய் உட்பட, முழுக்கதையையும் சொன்னார். அன்றைக்குப் போனது என் மரியாதை.

இப்போதும் வீட்டுக்கு வரும் விருந்தாளி யாராவது, "காப்பியெல்லாம் எதுக்குங்க, பச்சைத்தண்ணி போதும்" என்று சொல்லிவிட்டால் நான் தொலைந்தேன். சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வரும்:

"ஏங்க, உங்களைத்தான் கேக்கறாங்க!"